உதிராத ரோமம், சுடுகிற குளம்பு: வயதான குதிரைகளின் ஹார்மோன் கோளாறுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கால்நடை மருத்துவர் இல்லை. வயதான குதிரைகளையும் மட்டக்குதிரைகளையும் வைத்துப் பராமரிக்கிறவன். குதிரை வைத்திருப்பவர்கள் என்னிடம் பேசும்போது சுற்றிச் சுற்றி அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் போனில் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே போட்டிருக்கிறேன். எந்த மருந்து, எவ்வளவு என்பதை முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் மருத்துவர். அவரிடம் எதைக் கேட்பது என்று தெரிந்துகொள்ள இது உதவும்.

1. எத்தனை வயசுல இருந்து இதையெல்லாம் கவனிக்கணும்?

15 வயது தாண்டினால் கவனிக்க ஆரம்பியுங்கள். அந்த வயதுக்கு மேற்பட்ட குதிரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுக்கு, மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் கோளாறு இருக்கிறது. 10 வயதுக்குக் கீழே அது அபூர்வம். ஆனால் இன்சுலின் கோளாறுக்கு இந்த வயதுக் கணக்கு பொருந்தாது. குண்டாக இருக்கும் ஏழு வயது மட்டக்குதிரைக்கும் அது வரும்.

2. வெயில் காலம் வந்தாச்சு, இன்னும் பழைய ரோமம் உதிரல. வயசானா இப்படித்தானே இருக்கும்?

இல்லை. இந்த ஒரு வாக்கியத்தாலேயே பல குதிரைகள் மருத்துவரைப் பார்க்காமல் இரண்டு மூன்று வருடத்தை ஓட்டிவிடுகின்றன. ஆரோக்கியமாக இருக்கும் 25 வயதுக் குதிரை பருவம் மாறும்போது ரோமத்தை ஒழுங்காக உதிர்த்துவிடும். நீளமாக, சில சமயம் சுருள் சுருளாக, உதிராமல் நிற்கும் ரோமம் வயதின் அடையாளம் அல்ல; பிட்யூட்டரி கோளாறின் அடையாளம்.

ஆரம்பத்தில் இது உடம்பு முழுக்கத் தெரியாது. தாடைக்கு அடியில் ஒரு கற்றை, கால்களின் பின்பக்கம் ஒரு கற்றை, வயிற்றின் அடியில் கொஞ்சம் என்று திட்டுத்திட்டாக நிற்கும். இல்லையென்றால் லாயத்தில் மற்ற குதிரைகள் உதிர்த்து முடித்து மூன்று நான்கு வாரம் கழித்து இது உதிர்க்கும். அந்தத் தாமதம்தான் முதல் தகவல். தேய்க்கும்போது சீப்பில் எந்தத் தேதியில் ரோமம் வர ஆரம்பித்தது, எப்போது நின்றது என்று காலண்டரில் குறித்து வையுங்கள். அடுத்த வருடம் ஒப்பிட்டுப் பார்க்கும்போது அதன் அருமை தெரியும்.

3. குஷிங்னு ஒருத்தர் சொல்றார், பிபிஐடின்னு ஒருத்தர், ஈஎம்எஸ்னு இன்னொருத்தர். எல்லாம் ஒண்ணுதானா?

குஷிங்கும் பிபிஐடியும் ஒன்றுதான். மனிதர்களின் பிட்யூட்டரி நோயை 1932-இல் விவரித்த அமெரிக்க அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங்கின் பெயர் குதிரை நோய்க்கும் ஒட்டிக்கொண்டது. ஆனால் மனிதர்களுக்குக் கெடும் பகுதி வேறு, குதிரைக்குக் கெடும் பகுதி வேறு. குதிரைக்குக் கெடுவது பிட்யூட்டரியின் நடுப்பகுதி. அதனால்தான் பிபிஐடி (பிட்யூட்டரி நடுப்பகுதிக் கோளாறு என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்ற தனிப் பெயர் வந்தது.

ஈஎம்எஸ் வேறு நோய். குதிரைகளின் வளர்சிதை மாற்றக் கோளாறுத் தொகுப்பு என்று விரித்துச் சொல்லலாம். 2002-இல் முன்வைக்கப்பட்ட பெயர். அதன் நடுநாயகம் இன்சுலின்: கொஞ்சம் சர்க்கரை உள்ளே போனாலும் உடம்பு இன்சுலினை அளவுக்கு மீறிச் சுரக்கும். கூடவே பெரும்பாலும் உடல் பருமன், கழுத்தில் கொழுப்பு, லாமினைட்டிஸ் என்கிற குளம்பு நோய். மட்டக்குதிரைகள், கழுதைகள், அரேபியக் குதிரைகள், மோர்கன், ஆண்டலூசியன் போன்ற இனங்களுக்கு இது எளிதில் வரும். பந்தயத்துக்கு வளர்க்கும் தரோபிரெட் இனத்தில் குறைவு.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், ஒரே குதிரைக்கு இரண்டும் இருக்கலாம். இளமையில் ஈஎம்எஸ் இருந்த மட்டக்குதிரைக்கு 18 வயதில் பிபிஐடியும் சேர்ந்துகொள்ளலாம். அதனால் ஒன்றைக் கண்டுபிடித்ததும் மற்றதைத் தேடாமல் விட்டுவிடாதீர்கள்.

4. பிட்யூட்டரி ஏன் கெட்டுப்போகுது? நாங்க ஏதாவது தப்பா தீனி போட்டுட்டோமா?

உங்கள் தப்பு எதுவும் இல்லை. மூளையின் அடியில் இருக்கும் ஹைபோதலாமஸ் பகுதியிலிருந்து பிட்யூட்டரிக்குச் சில நரம்புகள் இறங்குகின்றன. அவை டோபமின் என்ற பொருளைக் கசியவிட்டு, பிட்யூட்டரியின் நடுப்பகுதியை அடக்கி வைத்திருக்கின்றன. வயதாக ஆக அந்த நரம்புகள் சிதைகின்றன. கடிவாளம் அறுந்த கதைதான் அப்புறம். நடுப்பகுதி பெருத்துக்கொண்டே போய் ஏசிடிஎச் உள்ளிட்ட ஹார்மோன்களை இஷ்டத்துக்குக் கொட்டுகிறது.

மனிதர்களுக்கு வரும் பார்க்கின்சன் நோயிலும் டோபமின் நரம்புகள்தான் சிதைகின்றன, மூளையில் இடம்தான் வேறு. இந்த நோய்க்குக் குதிரைகளுக்குக் கொடுக்கும் பெர்கோலைடு, முன்பு பார்க்கின்சன் நோயாளிகளுக்குக் கொடுத்துவந்த மருந்து. சிதைந்த நரம்பை அது திரும்ப வளர்க்காது. டோபமின் செய்த வேலையை அது செய்யும். மாத்திரை ஏன் ஆயுள் முழுக்க என்ற கேள்விக்கும் (20-ஆம் கேள்வி) பதில் இதிலேயே இருக்கிறது.

5. அப்ப இது குதிரைக்கு வர்ற சர்க்கரை நோயா?

பலரும் இப்படிச் சொல்கிறார்கள், ஆனால் சரியாக இல்லை. மனிதர்களின் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயில் கணையம் களைத்துப்போய் ரத்தத்தில் சர்க்கரை ஏறிவிடுகிறது. குதிரையின் கணையம் அவ்வளவு சீக்கிரம் களைக்காது. இன்சுலினை மேலும் மேலும் சுரந்து சர்க்கரையைக் கட்டுக்குள்ளேயே வைத்திருக்கும். அதனால் ரத்தச் சர்க்கரை மட்டும் பார்த்துவிட்டு ‘நார்மல்’ என்று நிம்மதி அடைவதில் அர்த்தம் இல்லை. பார்க்க வேண்டியது இன்சுலினை. சேதம் செய்வதும் அதுதான்.

6. ரோமம் நல்லாத்தான் இருக்கு. வேற எதை வச்சு சந்தேகப்படலாம்?

முதுகைப் பாருங்கள். சேணம் உட்காரும் இடத்தில் தசை கரைந்து முதுகெலும்பு மேடாகத் தெரியும், வயிறு மட்டும் தொங்கும். ‘வயசாச்சு, முதுகு இறங்கிடுச்சு’ என்று சொல்லிவிடுவோம். கண்ணுக்கு மேலே வழக்கமாகக் குழிவாக இருக்கும் இடம் கொழுப்பால் உப்பியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். தண்ணீர்த் தொட்டி முன்பைவிடச் சீக்கிரம் காலியாகிறதா, லாயத்துப் படுக்கை முன்பைவிட அதிகமாக நனைகிறதா என்று கவனியுங்கள். நிழலில் நின்றுகொண்டே வேர்ப்பது, முன்பு துள்ளிய குதிரை மந்தமாக நிற்பது, இவையும் உண்டு. ‘இப்பதான் சாது ஆகியிருக்கு’ என்று ஒருவர் சந்தோஷமாகச் சொன்னார். அந்தக் குதிரைக்கு ஏசிடிஎச் எகிறிக் கிடந்தது.

நோய் எதிர்ப்பு சக்தியும் குறையும். திரும்பத் திரும்பக் குளம்பில் சீழ் கட்டுவது, ஆறாத புண், ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றத்தோடு சளி, குடற்புழு முட்டைக் கணக்கு மற்ற குதிரைகளைவிட எப்போதும் அதிகமாக வருவது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக மருந்து வாங்கிக்கொண்டிருப்போம். எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றாக இருக்கலாம்.

7. எங்க குதிரை கொழுகொழுன்னு இருக்கு. கழுத்து மேல மட்டும் ஒரு மேடு. அது இன அழகுதானே?

பிடரி மயிர் முளைக்கும் கோட்டை இரண்டு கையாலும் பிடித்து இடமும் வலமும் ஆட்டிப் பாருங்கள். மெதுவாக வளைந்தால் பரவாயில்லை. கெட்டியாக, ரப்பர் குழாய் மாதிரி இருந்தாலோ, ஒரு பக்கம் சாய்ந்து தொங்கினாலோ, அது கொழுப்பு. வால் அடியிலும் தோளுக்குப் பின்னாலும் அதே மாதிரி மெத்தைகள் இருக்கும். கழுத்துக் கொழுப்புக்கு 0 முதல் 5 வரை ஒரு மதிப்பெண் முறை இருக்கிறது. உடல் முழுக்கப் பார்க்க 1983-இல் ஹென்னகி உருவாக்கிய 1 முதல் 9 வரையான முறை இருக்கிறது. மாதம் ஒருமுறை ஒரே ஆள் தடவிப் பார்த்து எழுதிவைப்பது நல்லது. தினமும் பார்க்கிற கண்ணுக்குக் கொழுப்பு தெரியாது.

8. இன்சுலின் அதிகமானா குளம்புக்கு என்ன வந்துச்சு? சம்பந்தமே இல்லையே.

குளம்பின் வெளிச்சுவரும் உள்ளே இருக்கும் எலும்பும் நூற்றுக்கணக்கான மெல்லிய மடிப்புகளால் ஒன்றோடொன்று பிணைந்திருக்கின்றன. குதிரையின் மொத்த எடையும் அந்தப் பிணைப்பில்தான் தொங்குகிறது. அந்தப் பிணைப்பு தளர்வதுதான் லாமினைட்டிஸ். ரொம்பத் தளர்ந்தால் எலும்பு கீழே இறங்கும், அல்லது திரும்பும்.

இதற்கு இன்சுலின் ஒன்றே போதும் என்று 2007-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆரோக்கியமான மட்டக்குதிரைகளின் ரத்தத்தில் இன்சுலினை மிக அதிகமாக ஏற்றி, குளுக்கோஸையும் கூடவே செலுத்திச் சர்க்கரை குறையாமல் பார்த்துக்கொண்டார்கள். 72 மணி நேரத்துக்குள் இன்சுலின் ஏற்றிய எல்லாவற்றுக்கும் லாமினைட்டிஸ் வந்துவிட்டது. வயிற்றுக் கோளாறு இல்லை, தொற்று இல்லை, பருமன் இல்லை. பிறகு பெரிய குதிரைகளிலும் அதே முடிவு வந்தது. பிபிஐடி இருந்தும் இன்சுலின் சரியாக உள்ள குதிரைக்கு லாமினைட்டிஸ் ஆபத்து குறைவாக இருப்பதற்கும் இதுதான் காரணம். குதிரையைக் கீழே தள்ளுவது பெரும்பாலும் குளம்பு. குளம்பைக் கெடுப்பது இன்சுலின்.

9. லாமினைட்டிஸ் வரப்போகுதுன்னு முன்னாடியே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும், கை பழகியிருந்தால். குளம்புக்கு மேலே இருக்கும் உருண்டையான கணுக்கால் மூட்டின் பின்பக்கம், உள்ளேயும் வெளியேயும் இரண்டு ஓரத்திலும் கயிறு மாதிரி ஒரு கட்டு ஓடும். அதில் ரத்தக் குழாய், நரம்பு எல்லாம் சேர்ந்திருக்கும். இரண்டு விரலை லேசாக வைத்து அரை நிமிடம் காத்திருங்கள். ஆரோக்கியமான குதிரைக்கு நாடி தட்டுப்படவே கஷ்டமாக இருக்கும். விரல் வைத்ததும் டக் டக் என்று துள்ளினால், அதுவும் இரண்டு முன்னங்கால்களிலும் துள்ளினால், சும்மா விடாதீர்கள். நல்லா இருக்கும் நாட்களில் தினமும் தொட்டுப் பழகினால்தான் கெட்ட நாளில் வித்தியாசம் தெரியும்.

அப்புறம் நடை. மண்ணில் நன்றாக நடந்து, கல் பாதையில் தயங்கும். திரும்பும்போது கால்களை எண்ணி எண்ணி வைக்கும். குளம்பும் பழைய கதையைச் சொல்லும்: லாடம் அடிப்பவர் வரும்போது குளம்புச் சுவரில் உள்ள வளையங்களைப் பாருங்கள். முன்பக்கம் நெருக்கமாகவும் குதிகால் பக்கம் விரிந்தும் போனால், உங்களுக்குத் தெரியாமலே ஒரு லாமினைட்டிஸ் வந்து போயிருக்கிறது. மேலிருந்து தரை வரை குளம்பு வளர ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும். அதனால் வளையம் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதை வைத்து எந்த மாதம் என்றுகூட ஊகிக்கலாம்.

10. ராத்திரி பத்து மணி. முன்னங்காலை நீட்டி, பின்னாடி சாஞ்சு நிக்குது. டாக்டர் காலையிலதான் வருவார். என்ன செய்ய?

முதலில் மருத்துவரிடம் போனில் நிலைமையைச் சொல்லுங்கள். இது லாமினைட்டிஸாக இருக்கலாம், காத்திருக்கும் விஷயம் அல்ல. நடக்க வைக்காதீர்கள். ‘நாலு சுத்து நடந்தா சரியாயிடும்’ என்ற பழைய யோசனை தளர்ந்த பிணைப்பைக் கிழிக்கும். படுக்கையை ஆழமாக, குளம்பு புதைகிற அளவுக்குப் போடுங்கள். தானியம், இனிப்புத் தீனி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, உலர்புல்லும் தண்ணீரும் கையெட்டும் தூரத்தில் வையுங்கள்.

ஐஸ் கிடைத்தால் இரண்டு முன்னங்கால்களையும் குளம்பு முதல் கணுக்காலுக்கு மேல் வரை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். ஆரம்பக் கட்டத்தில், விடாமல் வைத்தால்தான் பலன். பத்து நிமிடம் குழாய்த் தண்ணீர் பீய்ச்சுவதில் ஒன்றும் ஆகாது. வலி மாத்திரை வீட்டில் இருந்தாலும் மருத்துவர் சொன்ன அளவில் மட்டும் கொடுங்கள்.

11. பிபிஐடிக்கு எந்த ரத்தப் பரிசோதனை? ஒரு தடவை எடுத்தா போதுமா?

முதலில் ஏசிடிஎச் அளவு. ரத்தத்தை, உறையாமல் தடுக்கும் ஈடிடிஏ குப்பியில் எடுத்து, உடனே குளிர்ச்சியில் வைத்து, சீக்கிரம் பிளாஸ்மாவைப் பிரிக்க வேண்டும். இந்த ஹார்மோன் சூட்டில் சிதைந்துவிடும், அப்புறம் அளவு தப்பாகக் குறைவாக வரும். குப்பியை வண்டியின் முன்பலகையில் வெயிலில் வைத்துக் கொண்டுபோனதை நானே பார்த்திருக்கிறேன்.

இன்னொரு சிக்கல் பருவம். கோடை முடிந்து பகல் குறைய ஆரம்பிக்கும்போது எல்லாக் குதிரைகளுக்கும் ஏசிடிஎச் இயல்பாகவே ஏறும். வட கோளத்தில் ஜூலை நடுவிலிருந்து நவம்பர் வரை, தென் கோளத்தில் வருடத்தின் முதல் சில மாதங்கள். நோயுள்ள குதிரைக்கு அந்தக் காலத்தில் இன்னும் எக்கச்சக்கமாக ஏறும். அதனால் அந்த மாதத்துக்கு உரிய இயல்பு அளவோடு ஒப்பிட்டால்தான் எண்ணுக்கு அர்த்தம். ஆய்வகம் ஒரே அளவை வருடம் முழுக்கப் போட்டிருந்தால், ஏன் என்று கேளுங்கள்.

12. ரிப்போர்ட் நார்மல்னு வந்துடுச்சு. ஆனா அறிகுறி எல்லாம் இருக்கே?

ஆரம்ப நிலையில் இப்படி வரும். டிஆர்எச் தூண்டல் சோதனை என்று ஒன்று உண்டு. முதலில் ரத்தம் எடுத்து, பிட்யூட்டரியைத் தூண்டும் டிஆர்எச் ஹார்மோனை ஊசியாகப் போட்டு, சரியாக 10 நிமிடம் கழித்து மறுபடி எடுப்பார்கள். நோயுள்ள பிட்யூட்டரி அந்தத் தூண்டுதலுக்கு மிகையாகப் பதில் சொல்லும். 11-இல் சொன்ன ஏற்றக் காலத்தில் இதன் முடிவைப் புரிந்துகொள்வது கடினம், எனவே மற்ற மாதங்களில் செய்வதே வழக்கம்.

கார்ட்டிசால் அளவு மட்டும் பார்த்து முடிவு சொன்னால் ஏற்காதீர்கள். பிபிஐடி இருக்கும் பல குதிரைகளுக்குக் கார்ட்டிசால் இயல்பாகவே இருக்கும். மனிதர்களின் குஷிங் நோயில் ஏறுவது கார்ட்டிசால் என்பதால், இது குஷிங் என்ற பழைய பெயர் விட்டுப்போன குழப்பம்.

13. இன்சுலின் டெஸ்ட்டுக்குப் பட்டினி போட்டுக் கொண்டு வரணுமா?

வெறும் வயிற்றில் எடுத்த இன்சுலின் பல நோயுள்ள குதிரைகளைத் தப்பவிட்டுவிடும். கோளாறு தெரிவது சர்க்கரை உள்ளே போன பிறகுதான். அதனால் வாய்வழிச் சர்க்கரைச் சோதனை செய்கிறார்கள்: உடல் எடைக்கு ஏற்ற அளவு மக்காச்சோளச் சர்க்கரைப்பாகை வாயில் பீய்ச்சி, 60 முதல் 90 நிமிடத்துக்குள் ரத்தம் எடுப்பார்கள். தீனியை எப்போது நிறுத்துவது என்று மருத்துவர் சொல்வார். பிபிஐடி சோதிக்கும்போதே இதையும் சேர்த்துக் கேளுங்கள், காரணம் 3-இல் இருக்கிறது. வலியோடு, அல்லது நீண்ட வண்டிப் பயணம் முடித்து இறங்கியதும் எடுத்தால் எண் தப்பாக ஏறும்.

14. பெர்கோலைடு ஆரம்பிச்ச மூணாவது நாளே தீனியை முகர்ந்து பார்த்துட்டுப் போகுது. நிறுத்திடலாமா?

நீங்களாக நிறுத்த வேண்டாம், மருத்துவரைக் கேளுங்கள். ஆரம்பத்தில் பசி குறைவது, மந்தமாக நிற்பது இந்த மருந்தின் தெரிந்த பக்கவிளைவு. பொதுவாகச் செய்வது, அளவைப் பாதியாக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவது, அல்லது நாளுக்கு இரண்டு வேளையாகப் பிரிப்பது. வழக்கமான தொடக்க அளவு உடல் எடையில் கிலோவுக்கு 2 மைக்ரோகிராம், அதாவது 500 கிலோ குதிரைக்கு நாளைக்கு 1 மில்லிகிராம். பிராசெண்ட் என்ற பெயரில் குதிரைகளுக்கென்றே வரும் மாத்திரை 1 மில்லிகிராமில் இருக்கிறது. அமெரிக்காவில் அதற்கு 2011-இல் அனுமதி கிடைத்தது. ஒரு மாதம் போல கழித்து ஏசிடிஎச்சைத் திரும்பப் பார்த்து அளவை மாற்றுவார்கள்.

15. மாத்திரையை வாங்கவே மாட்டேங்குது. பொடியாக்கித் தண்ணியில கரைச்சு ஒரு மாசத்துக்கு வச்சுக்கலாமா?

வேண்டாம். பெர்கோலைடு கரைசலாகிவிட்டால் வெளிச்சத்திலும் சூட்டிலும் வீரியம் இழக்கும். மாதக் கடைசியில் என்ன கொடுக்கிறோம் என்றே தெரியாது. பொடியாக்கும்போது எழும் தூசு உங்களுக்கும் நல்லதல்ல. கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் கையுறை இல்லாமல் இதைத் தொடக்கூடாது. கீழே சிந்தியதை நாய் நக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதற்கு விஷம்.

‘கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும்’ என்பது சும்மா இல்லை. மாத்திரையும் கடிவாளம் மாதிரிதான். முழு மாத்திரையை ஒரு துண்டு ஆப்பிளில் கீறி உள்ளே செருகிக் கொடுத்தால் பல குதிரைகள் ஏமாறும். இன்சுலின் கோளாறு இருந்தால் துண்டு கட்டைவிரல் நுனி அளவில் இருக்கட்டும், முழு ஆப்பிள் வேண்டாம். என்னிடம் இருந்த ஒரு கிழவி ஆப்பிளைத் தின்றுவிட்டு மாத்திரையை மட்டும் பத்திரமாக உதட்டோரத்தில் வைத்திருந்து துப்புவாள். அவளுக்காகத் தீனித் தொட்டியின் அடியை தினமும் தடவிப் பார்க்கும் பழக்கம் வந்தது.

16. தீனியில என்ன மாத்தணும்? தவிடு, ஓட்ஸ் எல்லாம் நிறுத்தணுமா?

இன்சுலின் கோளாறு இருந்தால் தானியம், தவிடு, வெல்லப்பாகு கலந்த தீனி எல்லாம் வெளியே. அடிப்படை உலர்புல். அதில் சர்க்கரையும் மாவுச்சத்தும் சேர்ந்து 10 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. அதைக் கண்ணால் சொல்ல முடியாது, ஆய்வகத்துக்கு அனுப்பித்தான் தெரியும். பச்சையாக மணக்கும் புல்லில் சர்க்கரை அதிகமாக இருக்கலாம், பழுப்பாக இருப்பதில் குறைவாக இருக்கலாம். நேர்மாறாகவும் இருக்கலாம்.

அனுப்ப வழியில்லை என்றால் 30 முதல் 60 நிமிடம் குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுப் போடுங்கள். ஊறிய தண்ணீர் டீ நிறத்தில் இறங்கும், பிசுபிசுப்பாக இருக்கும். வெளியேறும் சர்க்கரை அதில்தான் போகிறது. எவ்வளவு போகும் என்பது புல்லுக்குப் புல் மாறும், அதனால் ஊறவைத்துவிட்டோம் என்று தலை தப்பியதாக நினைக்க வேண்டாம். வெயிலில் மணிக்கணக்கில் ஊறினால் புளித்து நாறும். தாதுக்களும் போவதால் தாது உப்பும் விட்டமினும் சேர்ந்த, சர்க்கரை இல்லாத துணைத்தீனி கொஞ்சம் வேண்டும்.

17. சீக்கிரம் இளைக்கணும். ரெண்டு நாள் பட்டினி போட்டா என்ன?

கூடவே கூடாது. குண்டான மட்டக்குதிரையும் கழுதையும் பட்டினி கிடந்தால் உடம்பு கொழுப்பைக் கரைத்து ரத்தத்தில் கொட்டும். ரத்தத்தின் பிளாஸ்மா பால் மாதிரி வெளுக்கும், கல்லீரலில் கொழுப்பு அடையும். ஹைப்பர்லிப்பீமியா என்கிற இந்த நிலையில் பல உயிரிழந்துவிடுகின்றன. இன்சுலின் கோளாறு உள்ளவற்றுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

எடை குறைக்க வழக்கமாகத் தொடங்குவது, உடல் எடையில் 1.5 சதவீதம் உலர் தீனி. 400 கிலோ குதிரைக்கு நாளைக்கு 6 கிலோ. ஊறவைப்பதற்கு முன் தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள், கை அளவு ஏமாற்றும். அதற்கும் கீழே இறக்குவது மருத்துவர் பார்வையில் மட்டும். சிறு கண் வலையில் போட்டால் அதே 6 கிலோ நெடுநேரம் வரும், வெறும் வயிறாக நிற்காது.

18. கொஞ்ச நேரம் மட்டும் மேய விட்டா தப்பில்லையே? காலையில நல்லதா, சாயங்காலம் நல்லதா?

புல் பகல் வெளிச்சத்தில் சர்க்கரை செய்கிறது, இரவில் அதைச் செலவழிக்கிறது. அதனால் பொதுவாக விடியற்காலையில் குறைவு, மாலையில் அதிகம். ஆனால் இரவு உறைபனி அளவுக்குக் குளிர்ந்தால் புல் செலவழிக்காது, அப்போது காலையும் ஆபத்து. ஒட்ட மேய்ந்த குட்டைப் புல் பாதுகாப்பு என்று நினைப்பார்கள். தண்டின் அடியில்தான் சர்க்கரை சேர்ந்திருக்கும், குதிரை அதைத்தான் அப்போது தின்னும்.

‘கொஞ்ச நேரம்’ என்பதிலும் பொறி இருக்கிறது. நேரம் குறைவு என்று தெரிந்துகொண்ட மட்டக்குதிரை மூன்று மணி நேரத்தில் நாளின் தீனியில் கணிசமான பங்கை அள்ளிப் போட்டுவிடும். மேய்ச்சல் முகமூடி போட்டு விடலாம். லாமினைட்டிஸ் வந்து ஆறும் வரை, இன்சுலின் கட்டுப்படும் வரை, புல் தரையே வேண்டாம்.

19. எங்க கிழவன் எலும்பும் தோலுமா இருக்கான், ஆனா இன்சுலின் அதிகம்னு சொல்றாங்க. சத்து ஏத்தணுமா, குறைக்கணுமா?

கஷ்டமான கேள்வி, அடிக்கடி வருகிற கேள்வியும்கூட. பிபிஐடி தசையைக் கரைக்கிறது, ஈஎம்எஸ் சர்க்கரைக்குத் தடை போடுகிறது. ஏற்ற வேண்டும், ஆனால் மாவுச்சத்து இல்லாமல். ஊறவைத்த சர்க்கரை பீட் சக்கை (சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சுவது, வெல்லப்பாகு சேர்க்காதது), குதிரைமசால், கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கிய எண்ணெய், தரமான புரதம். அதற்கு முன் வாயைத் திறந்து பல்லைப் பாருங்கள். பாதி மென்ற புல் உருண்டைகள் தரையில் கிடந்தால் முதல் வேலை பல் வைத்தியருக்குத்தான். புழுக் கணக்கும் பாருங்கள். இந்த இரண்டையும் விட்டுவிட்டு ஹார்மோனைத் திட்டுவது நியாயமில்லை.

20. ரோமம் உதிர்ந்து பளபளன்னு ஆயிட்டான். மாத்திரையை நிறுத்தலாமா?

வேண்டாம். 4-இல் சொன்ன காரணம்தான்: நரம்பு திரும்ப வளரவில்லை. பளபளப்பு மாத்திரையின் வேலை. வருடத்துக்கு இரண்டு முறை, ஒன்று ஏற்றக் காலத்தில், ஏசிடிஎச் பாருங்கள். வருடங்கள் போகப் போக அளவை ஏற்ற வேண்டியும் வரலாம்.

21. மனுஷங்களுக்குக் கொடுக்கிற மெட்ஃபார்மின் கொடுக்கலாமாமே? புதுசா வேற மாத்திரையும் சொல்றாங்க.

மெட்ஃபார்மின் குதிரையின் குடலில் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படுகிறது, பத்தில் ஒரு பங்குகூட உள்ளே போவதில்லை. சில குதிரைகளுக்குத் தீனிக்கு முன் கொடுத்தால் சர்க்கரை ஏற்றத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்துகிறது, சிலவற்றுக்கு ஒன்றுமே செய்வதில்லை. வாயில் புண் வரலாம்.

எர்டுக்ளிஃப்ளோசின், கானாக்ளிஃப்ளோசின் போன்றவை சிறுநீரில் சர்க்கரையைத் தள்ளி இன்சுலினை இறக்குகின்றன. பிடிவாதமான லாமினைட்டிஸில் நல்ல பலன் கண்டவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ரத்தக் கொழுப்பு எகிறலாம் (17-இல் சொன்ன ஆபத்து), அதனால் இடையிடையே ரத்தம் பார்க்காமல் கொடுக்கக் கூடாது. எந்த மாத்திரையும் தீனியை மாற்றாமல் வேலை செய்யாது.

22. தைராய்டு குறைவுன்னு மாத்திரை எழுதிக் கொடுத்தாங்களே, அது?

வளர்ந்த குதிரையில் உண்மையான தைராய்டு குறைபாடு அபூர்வம். வேறு நோய் இருந்தாலும், வலி மருந்து கொடுத்தாலும் அந்த எண் குறையும். முன்பு கழுத்துக் கொழுப்பு, லாமினைட்டிஸ் எல்லாவற்றையும் தைராய்டின் தலையில் கட்டிவந்தார்கள், அதன் மிச்சம் இது. எடை குறைப்பதற்காகத் தற்காலிகமாக லீவோதைராக்சின் என்ற தைராய்டு மாத்திரையைக் கொடுப்பது வேறு விஷயம். எதற்காகக் கொடுக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

23. மூட்டு வலிக்கு ஸ்டீராய்டு ஊசி போடச் சொல்றாங்க. போடலாமா?

போடுவதற்கு முன் இன்சுலினைப் பார்த்துக்கொள்ளுங்கள். ட்ரையாம்சினோலோன் போன்றவை இன்சுலினை ஏற்றும். ஏற்கெனவே ஏறியிருக்கும் குதிரைக்கு அது குளம்பில் போய் முடியலாம். பிபிஐடி, ஈஎம்எஸ் இருப்பதை ஊசி போடுபவரிடம் மறக்காமல் சொல்லுங்கள், அவர் வேறு ஆளாக இருந்தால் இன்னும் முக்கியம்.

24. மாத்திரையில இருக்கிற குதிரையைப் போட்டிக்குக் கொண்டு போகலாமா?

சர்வதேச குதிரையேற்றக் கூட்டமைப்பின் தடைப் பட்டியலில் பெர்கோலைடு இருக்கிறது. போட்டி அமைப்புக்கு அமைப்பு விதி மாறும், பெயர் கொடுப்பதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மாத்திரையை ரகசியமாக நிறுத்திவிட்டுக் கொண்டுபோகிறவர்களும் இருக்கிறார்கள். அதற்குக் குதிரை கொடுக்கும் விலை 9-இல் இருக்கிறது.

25. இத்தோட எத்தனை வருஷம் இருக்கும்? எப்ப விடணும்னு எப்படித் தெரியும்?

நன்றாகப் பார்த்துக்கொண்டால் வருடக்கணக்கில் இருக்கும், பலவும் வேறு ஏதோ காரணத்தால்தான் போகின்றன. ரோமம், தண்ணீர்த் தாகம் இவற்றோடு வாழ முடியும். முடியாதது ஓயாத குளம்பு வலி. எக்ஸ்ரேயில் எலும்பு தொடர்ந்து இறங்குகிறது, வலி மருந்து கொடுத்தும் நாளின் பெரும்பகுதி படுத்தே கிடக்கிறது, தீனிக்குக்கூட எழ மறுக்கிறது என்றால் மருத்துவரோடு உட்கார்ந்து பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது.

15-இல் சொன்ன கிழவி மாத்திரையோடு ஆறு வருடம் இருந்தாள். கோடைக்கு முன் கத்தரியும் கிளிப்பரும் வைத்து அவள் ரோமத்தை நான்தான் வெட்டுவேன். மாத்திரை கொடுத்தும் வயிற்றடி ரோமம் மட்டும் உதிராது. கடைசி வருடத்தில் அவள் நடப்பதை ஒவ்வொரு வாரமும் ஒரே இடத்தில் நின்று போனில் வீடியோ எடுத்துவைத்தேன். எட்டு வார வீடியோவை வரிசையாகப் போட்டுப் பார்த்த ராத்திரியில்தான் மருத்துவருக்குப் போன் செய்தேன். தினமும் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அதுவரை தெரியவில்லை.